விவசாயத்தின் கார்பன் உமிழ்வைக் குறைக்க மண்ணில் கார்பன் சேர்த்தால் போதுமா?

நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இப்படி வருகிறது: விவசாயத்தின் கார்பன் உமிழ்வைக் குறைக்க ரசாயன உரத்தை நிறுத்தி, உழவைக் கைவிட்டு, நிலம் வெறுமையாகக் கிடக்காமல் மண்ணை மூடிவைக்கும் மூடுபயிர் விதைத்து, மண்ணிலேயே கார்பனைச் சேர்த்துவிட்டால் போதாதா? அரசுகள் அதற்குப் பணம் கொடுத்தால் வேலை முடிந்ததல்லவா? கடைசியில் போகிறபோக்கில் இன்னொன்றும் எழுதியிருக்கிறீர்கள். உங்களிடம் 40 ஹெக்டேர் இருக்கிறது, அதில் 5 ஹெக்டேர் இன்னும் திருத்தாத மரக்காடு. மண்ணில் சேர்க்கும் கார்பனுக்குப் பணம் தரும் கார்பன் கிரெடிட் ஒப்பந்தம் ஒன்று வந்திருக்கிறது, அந்தப் பணத்தில் காட்டையும் திருத்திப் பயிர் வைக்கலாமா என்று யோசிக்கிறீர்கள். உண்மையான கேள்வி இந்தக் கடைசி வரியில்தான் இருக்கிறது என்பேன். அதற்குக் கடைசியில் வருகிறேன். நான் மண்ணியல் படித்தவன். பதினெட்டு வருடமாக மண் மாதிரி எடுத்துக் கார்பன் அளப்பதுதான் பிழைப்பு. மண்ணைப் பற்றிச் சொல்வதை என் தொழிலை வைத்துச் சொல்கிறேன். அரசுக் கொள்கை பற்றிச் சொல்வதை, பல நாடுகள் செய்து பார்த்ததைத் தொடர்ந்து படித்துவரும் ஒருவன் சொல்வதாக எடுத்துக்கொள்ளுங்கள். நான் பொருளாதார நிபுணன் இல்லை.

முதலில் "கார்பன் உமிழ்வு" என்பதைக் கொஞ்சம் பிரிக்க வேண்டும். டிராக்டருக்கு ஊற்றும் டீசல் இந்தக் கணக்கில் சின்னத் தொகை. அசைபோடும் விலங்குகளின் இரைப்பையிலும் தண்ணீர் தேங்கிய நெல்வயலிலும் மீத்தேன் உண்டாகிறது. தழைச்சத்து (நைட்ரஜன்) உரத்திலிருந்தும் சாணத்திலிருந்தும் நைட்ரஸ் ஆக்சைடு கிளம்புகிறது. காட்டை வெட்டி வயலாக்கும்போதும் கரிச்சதுப்பு நிலத்தை வடிக்கும்போதும் கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது. ஐநாவின் காலநிலைக் குழுவான ஐபிசிசி 2022இல் வெளியிட்ட அறிக்கைப்படி, 2019இல் மனிதர்கள் வெளியேற்றிய பசுங்குடில் வாயுக்களில் சுமார் 22 சதவீதம் வேளாண்மை, காடு, நிலப் பயன்பாடு ஆகியவற்றிலிருந்து வந்தது. 2010 முதல் 2019 வரை சராசரி எடுத்தால் வருடத்துக்கு 1,190 கோடி டன், எல்லா வாயுக்களையும் கார்பன் டை ஆக்சைடு மதிப்புக்கு மாற்றிச் சொன்னால். அதில் சரிபாதி, 590 கோடி டன், நிலப் பயன்பாடு மாறுவதால், பெரும்பாலும் காடழிப்பால் வருகிறது. இந்த 590க்குப் பிழை வரம்பே கூட்டியோ குறைத்தோ 410 கோடி டன்! இவ்வளவு தடுமாறும் எண்ணை வைத்துக்கொண்டு என்ன பேசுவது என்று கேட்கலாம். நியாயம்தான். ஆனால் காடு வயலாவது இந்தப் பட்டியலில் முதல் வரிசையில் இருக்கிறது என்பதை யாரும் மறுப்பதில்லை.

சரி, மண்ணுக்கு வருவோம். ஒரு ஹெக்டேர் வயலின் மேல் 30 சென்டிமீட்டர் மண் ஏறத்தாழ 3,900 டன் எடை இருக்கும். அதில் கார்பன் 1 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 39 டன். 2015 பாரிஸ் மாநாட்டின்போது பிரான்ஸ் "ஆயிரத்துக்கு நான்கு" என்றொரு முயற்சியைத் தொடங்கியது. மண்ணிலுள்ள கார்பனை வருடாவருடம் ஆயிரத்தில் நான்கு பங்கு கூட்டுவது அதன் லட்சியம். நம் ஹெக்டேரில் அது 156 கிலோ. இந்த 156 கிலோவை எப்படிக் கண்டுபிடிக்கிறோம் தெரியுமா? இரும்புக் குழாயை மண்ணில் அடித்து இறக்கி உருவுகிறோம். உருளையாக வரும் மண்ணை அடுக்கடுக்காக வெட்டிப் பையில் போட்டு, ஆய்வகத்தில் காயவைத்து, வேரையும் கல்லையும் பொறுக்கி, 2 மில்லிமீட்டர் சல்லடையில் சலித்து, எரித்து, வரும் வாயுவை அளக்கிறோம். ஒரே வயலில் பத்தடி தள்ளி எடுத்த இரண்டு மாதிரிகளுக்கு நடுவே ஹெக்டேருக்கு இரண்டு டன், மூன்று டன் வித்தியாசம் வருவது சர்வசாதாரணம். அதற்குள் 156 கிலோவைத் தேடுவது, லாரி எடைமேடையில் மோதிரத்தை நிறுக்கிற கதை. நிறைய இடங்களில் மாதிரி எடுத்துப் பிழையை 5 சதவீதத்துக்குக் கொண்டுவந்தாலும் அது இரண்டு டன். வருடம் 156 கிலோ வீதம் ஏறினால் அதைத் தாண்டவே 12, 13 வருடம் ஆகும்.

ஒருமுறை ஒரு திட்ட அறிக்கையைச் சரிபார்க்கச் சொல்லி என்னிடம் கொடுத்தார்கள் (யாருடையது என்பது வேண்டாம்). உழவை நிறுத்திய மூன்றே வருடத்தில் ஹெக்டேருக்கு நான்கு டன் கார்பன் ஏறியதாகக் காட்டியிருந்தார்கள். எண்களெல்லாம் சரியாகத்தான் இருந்தன. அட்டவணையை இரண்டாம் முறை பார்க்கும்போதுதான் பிடிபட்டது. உழாமல் விட்ட நிலம் இறுகும். இறுகிய நிலத்தில் அதே 30 சென்டிமீட்டர் குழாய்க்குள் முன்பைவிட அதிக மண் அடைபடும். அதிக மண்ணில் அதிக கார்பன் இருக்கத்தானே செய்யும். ஏறியிருந்தது மண்ணின் எடை. இரண்டு முறையும் ஒரே எடை மண் வருகிற மாதிரி கணக்கைத் திருப்பிப் போட்டதும் நான்கு டன் அரை டன்னாக இறங்கிவிட்டது, அதுவும் பிழை வரம்புக்கு உள்ளே. உழாமை பற்றிய பழைய ஆய்வுகளில் பலவற்றுக்கும் இதே சிக்கல் உண்டு. அவை மேல் 30 சென்டிமீட்டரோடு நிறுத்திக்கொண்டன. பிறகு ஆழமாகத் தோண்டிப் பார்த்த இடங்கள் பலவற்றில், மேலே ஏறிய கார்பனுக்கு ஈடாகக் கீழே குறைந்திருந்தது. சேர்ந்தது கொஞ்சம், இடம் மாறியது நிறைய. ஆழத்தில் என்ன நடக்கிறது என்பதில் எங்கள் துறைக்குள் இன்னும் வழக்கு தீரவில்லை. வேர் ஆழமாக இறங்கும் பயிர்கள் கீழே கார்பனைக் கூட்டும் என்பவர்களும் உண்டு. அவர்கள் பக்கமும் கொஞ்சம் சான்று இருக்கிறது.

இங்கிலாந்தில் ராத்தம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தின் பிராட்பாக் வயலில் 1843 முதல் இன்றுவரை ஒரே பரிசோதனை தொடர்கிறது. அதில் ஒரு பாத்திக்கு வருடாவருடம் ஹெக்டேருக்கு 35 டன் தொழுவுரம் போட்டுவருகிறார்கள். அங்கே மண்ணின் கார்பன் இரு மடங்குக்கு மேல் ஏறியிருப்பது உண்மை. ஆனால் முதல் சில பத்தாண்டுகளில் வேகமாக ஏறி, பிறகு நடை தளர்ந்து, இப்போது ஏறக்குறைய சமநிலைக்கு வந்துவிட்டது. மண் ஒரு தொட்டி மாதிரி, நிரம்பினால் அவ்வளவுதான். அப்புறம், அந்த 35 டன் எரு எங்கிருந்து வருகிறது? வேறெங்கோ விளைந்த தீவனத்திலிருந்து. அந்தக் கார்பன் ஒரு நிலத்திலிருந்து இன்னொரு நிலத்துக்கு மாற்றப்பட்டது. அதே வயலின் ஒரு மூலையை 1882இல் அறுவடை செய்யாமல் வேலி போட்டு விட்டுவிட்டார்கள். இன்று அது மரக்காடு. அங்கே மரமும் மண்ணுமாகச் சேர்ந்து வருடத்துக்கு ஹெக்டேருக்கு 3 டன்னுக்கு மேல் கார்பன் சேர்ந்திருக்கிறது. நாம் மேலே பார்த்த 156 கிலோவோடு ஒப்பிட்டால் இருபது மடங்கு.

இன்னொரு நுணுக்கம், இது அதிகம் பேசப்படுவதில்லை. மண்ணின் மக்கில் கார்பன் தனியாக நிற்காது. 12 பங்கு கார்பனுக்கு ஏறக்குறைய 1 பங்கு தழைச்சத்து வேண்டும். ஒரு டன் கார்பனை நிலைநிறுத்த 80 கிலோவுக்கு மேல் தழைச்சத்து தேவை. அதை எங்கிருந்து கொண்டுவருகிறீர்கள் என்பதைப் பொறுத்து லாபம் நஷ்டமாகவும் முடியலாம். இதையெல்லாம் வைத்து மண்ணைத் தேற்றாதீர்கள் என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். மூடுபயிர், தொழுவுரம், குறைந்த உழவு எல்லாம் தண்ணீர் பிடிப்பதற்கும் மண் அரிப்பைத் தடுப்பதற்கும் நல்லவை, அது உறுதி. காலநிலைக் கணக்கில் அவற்றின் மேல் ஏற்றிவைக்கும் பாரம்தான் அளவுக்கு மீறியது.

இப்போது பக்கத்திலேயே இன்னொரு எண்ணை வையுங்கள். வெப்பமண்டலக் காட்டின் மரங்களில் ஹெக்டேருக்கு 150 டன் கார்பன் என்பது மிகையில்லை. வெட்டி எரித்தால் 550 டன் கார்பன் டை ஆக்சைடு. நம் 156 கிலோ கார்பன் என்பது 0.57 டன் கார்பன் டை ஆக்சைடு. அதாவது ஒரு ஹெக்டேர் காட்டை அழித்த கடனை அடைக்க, கிட்டத்தட்ட ஆயிரம் ஹெக்டேர் வயல் ஒரு வருடம் முழுக்க "ஆயிரத்துக்கு நான்கு" வேகத்தில் கார்பன் சேர்க்க வேண்டும். வயலுக்குள் என்ன செய்கிறோம் என்பதைவிட வயல் எங்கே நிற்கிறது, அதன் எல்லை எந்தப் பக்கம் நகர்கிறது என்பது பெரிய விஷயம் என்று நான் சொல்வது இதனால்தான்.

காட்டைவிட மோசமான கணக்கு கரிச்சதுப்பு நிலத்தில் இருக்கிறது. பாதி மக்கிய தாவரங்கள் ஆயிரக்கணக்கான வருடங்கள் தண்ணீருக்கடியில் படிந்து உண்டான நிலம் அது. உலக நிலப்பரப்பில் சுமார் 3 சதவீதம்தான், ஆனால் உலகத்துக் காடுகள் எல்லாவற்றின் மரங்களிலும் உள்ளதைவிட அதிக கார்பன் அதில் கிடக்கிறது. வடிகால் வெட்டித் தண்ணீரை இறக்கினால் காற்று பட்டு, அந்தக் கரி மெல்ல மெல்ல "எரிய" ஆரம்பிக்கும், நெருப்பே இல்லாமல். இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் இங்கிலாந்தின் ஹோம் சதுப்புக்குப் போக வேண்டும். 1851 வாக்கில், பக்கத்து ஏரியை வடித்துப் பயிர் வைக்கத் தொடங்கிய காலத்தில், ஓர் இரும்புக் கம்பத்தை உச்சி தரைமட்டத்தோடு சமமாக இருக்கும்படி புதைத்தார்கள். இன்று அந்தக் கம்பம் தரைக்கு மேலே நான்கு மீட்டர் நிற்கிறது. கம்பம் வளரவில்லை, நிலம்தான் கீழே போனது. ஒரு பகுதி அமுங்கியது, மீதி வாயுவாகப் போயேவிட்டது. இந்தோனேசியா 1990களின் நடுவில் மத்தியக் களிமந்தானில் பத்து லட்சம் ஹெக்டேர் சதுப்பை நெல்வயலாக்கக் கால்வாய் வெட்டியது. நெல் சரியாக விளையவில்லை. 1997இன் வறட்சியில் காய்ந்த கரி மாதக்கணக்கில் எரிந்தது, திட்டமும் கைவிடப்பட்டது. வடிக்கப்பட்ட சதுப்புகள் உலகின் மொத்த உமிழ்வில் சுமார் 4 சதவீதம் கொடுக்கின்றன, அவ்வளவு சின்னப் பரப்பிலிருந்து. இதற்கு மருந்தும் எளிது. வடிகாலை அடைத்துத் தண்ணீரை ஏற்றினால் கார்பன் டை ஆக்சைடு குறையும். மீத்தேன் கொஞ்சம் கூடும், ஆனாலும் மொத்தத்தில் லாபம். இது எங்கள் துறையில் உறுதியாகச் சொல்லக்கூடிய சில விஷயங்களில் ஒன்று.

"அகல உழுவதைவிட ஆழ உழுவது மேல்" என்று நம்மிடம் ஒரு பழமொழி உண்டு. ஆழ உழுவது மண்ணின் கார்பனுக்கு நல்லதா என்பது வேறு கதை! ஆனால் இருக்கிற நிலத்தில் கூடுதலாக விளைவித்துப் புது நிலத்தைத் தொடாமல் இருப்பது என்று எடுத்துக்கொண்டால் பழமொழியின் பக்கம் நல்ல கணக்கு இருக்கிறது. 1961க்குப் பின் விளைச்சல் உயராமல் இருந்திருந்தால் எவ்வளவு நிலம் கூடுதலாக உழப்பட்டிருக்கும் என்று 2010இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. உரத்தால் வந்த உமிழ்வையெல்லாம் கழித்த பிறகும் 16,100 கோடி டன் கார்பன் வரை தவிர்க்கப்பட்டதாக அது சொல்கிறது. "வரை" என்ற சொல்லைக் கவனியுங்கள், அது உச்சவரம்பு. இதன் மறுபக்கமும் உண்டு. விளைச்சல் கூடினால் விவசாயம் லாபகரமாகும், லாபம் கண்டவன் அடுத்த காட்டையும் திருத்தப் பார்ப்பான். சோயாவிலும் செம்பனையிலும் நடந்தது அதுதான். விளைச்சல் உயர்வு தானாகக் காட்டைக் காப்பாற்றியதாகக் காட்ட முடியாது. எல்லையைப் பூட்டிவைத்த இடத்தில்தான் காப்பாற்றியது.

ரசாயன உரத்தை அடியோடு நிறுத்தலாமா என்ற கேள்விக்கும் இதே இடத்திலிருந்துதான் பதில். ஒரு கிலோ தழைச்சத்து போட்டால் அதில் ஏறக்குறைய 1 சதவீதம் நைட்ரஸ் ஆக்சைடாகப் போகும் என்பது ஐபிசிசியின் பொது அளவுகோல். அந்த வாயு கார்பன் டை ஆக்சைடைவிட 273 மடங்கு வீரியம் உள்ளது என்பதால் ஒரு கிலோவுக்கு 4.3 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். உரத் தொழிற்சாலையின் புகை தனி. ஆக உரம் பெரிய உமிழ்வுதான். ஆனால் ரசாயன உரமில்லாத இயற்கைச் சாகுபடியில் விளைச்சல் சராசரியாக 20 முதல் 25 சதவீதம் வரை குறைகிறது. அந்தக் குறையை ஈடுகட்ட வேறெங்கோ நிலம் திருத்தப்பட்டால் மிச்சம் பிடித்தது போய்விடும். இலங்கை 2021இல் ரசாயன உர இறக்குமதியை ஒரே அடியில் தடைசெய்து, நெல் உற்பத்தி சரிந்து, அதே வருட முடிவுக்குள் தடையைத் திரும்பப் பெற்றது. சீனாவில் வேறு மாதிரி செய்தார்கள். 2005 முதல் 2015 வரை சுமார் 2 கோடியே 9 லட்சம் சிறு விவசாயிகளிடம் ஊர் ஊராகப் போய், எந்த மண்ணுக்கு எப்போது எவ்வளவு உரம் என்று சொல்லிக்கொடுத்தார்கள். விளைச்சல் 11 சதவீதம் கூடியது, தழைச்சத்து உரம் 15 முதல் 18 சதவீதம் குறைந்தது. தேவைக்கு மேல் கொட்டும் இடத்தில் குறைப்பது, போதாத இடத்தில் கூட்டுவது. "எல்லோரும் நிறுத்துங்கள்" என்பதைவிட இது எவ்வளவோ மேல். அதற்கு ஆயிரக்கணக்கில் ஆட்கள் வேண்டும், பத்து வருடப் பொறுமை வேண்டும்.

கொள்கையில் எனக்குக் கிடைத்த நல்ல பாடம் பிரேசில். 2004இல் அமேசானில் ஒரே வருடத்தில் 27,772 சதுர கிலோமீட்டர் காடு போனது. 2012இல் அது 4,571 சதுர கிலோமீட்டர். நடுவே என்ன நடந்தது? செயற்கைக்கோள் படத்தை வைத்துச் சில நாட்களுக்குள் எச்சரிக்கை கொடுக்கும் முறை 2004இல் வந்தது. படம் வந்த இடத்துக்கு அதிகாரிகள் போனார்கள், அபராதம் போட்டார்கள். 2006இல் பெரிய சோயா வியாபாரிகள், புதிதாக அழித்த காட்டில் விளைந்த சோயாவை வாங்குவதில்லை என்று ஒப்புக்கொண்டார்கள். 2008இல் காடழிப்பு மிக அதிகமான 36 நகராட்சிகளை அரசு பட்டியல் போட்டு வெளியிட்டது. அதே வருடம், அமேசான் பகுதியில் நிலப் பத்திரமும் சுற்றுச்சூழல் சட்டத்துக்கு உட்பட்டதற்கான ஆதாரமும் காட்டாதவருக்கு வங்கியில் வேளாண் கடன் கிடையாது என்று விதி வந்தது. எனக்கு இந்தக் கடைசி விதிதான் பிடிக்கும். போலீஸ் வேண்டாம், புது வரி வேண்டாம். கடனுக்காக எப்படியும் வங்கிப் படியேறுகிற விவசாயியிடம் ஒரு காகிதம் கூடுதலாகக் கேட்டார்கள், அவ்வளவுதான். இந்த வருடங்களில் சோயா உற்பத்தி குறையவில்லை, கூடியது. ஏற்கெனவே திருத்திய மேய்ச்சல் நிலத்தின் மேல் பயிர் ஏறிக்கொண்டது.

கதை அங்கேயே முடிந்திருந்தால் நன்றாக இருக்கும். அமேசானை இறுக்கிப் பிடித்தபோது பக்கத்து செராடோ புல்வெளிக் காட்டில் அழிப்பு தொடர்ந்தது. அமேசான் காட்டு நிலத்தில் சட்டப்படி 80 சதவீதத்தை அப்படியே விட வேண்டும், செராடோவின் பெரும்பகுதியில் 20 சதவீதம் விட்டால் போதும். தண்ணீர் பள்ளத்தைப் பார்த்துத்தானே ஓடும். அரசியல் மாறிக் கண்காணிப்பு தளர்ந்ததும் அமேசானிலும் 2021இல் 13,000 சதுர கிலோமீட்டருக்கு ஏறியது. மறுபடி இறுக்கிய பிறகு 2024இல் 6,300 அளவுக்கு இறங்கியது. அந்த 2004 முதல் 2012 வரையிலான சரிவில் சட்டத்தின் பங்கு எவ்வளவு, அப்போது விழுந்த சோயா, மாட்டிறைச்சி விலைகளின் பங்கு எவ்வளவு என்பதில் பொருளாதார நிபுணர்களுக்குள் சண்டை உண்டு. இரண்டும் சேர்ந்துதான் வேலை செய்தன என்பதில் சண்டை இல்லை.

பிறகு, அரசுகள் ஏற்கெனவே கொடுத்துக்கொண்டிருக்கும் பணம். ஐநாவின் மூன்று அமைப்புகள் சேர்ந்து 2021இல் வெளியிட்ட அறிக்கைப்படி, விவசாயிகளுக்கு உலக அரசுகள் வருடத்துக்கு 54,000 கோடி டாலர் ஆதரவு தருகின்றன. அதில் 87 சதவீதம் விலையைத் திரிக்கிற, சூழலுக்கோ சமூகத்துக்கோ கேடு செய்கிற வகை. ஐரோப்பாவில் வடித்த சதுப்பில் பயிர் வைத்தவருக்குப் பல ஆண்டுகளாகப் பரப்புக்கு இவ்வளவு என்று மானியம் போகிறது, அதே சதுப்பில் தண்ணீர் ஏற்ற இன்னொரு துறை பணம் ஒதுக்குகிறது. பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது இதுதான். பயிர் எரிபொருள் இன்னொன்று. அமெரிக்காவில் விளையும் மக்காச்சோளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எத்தனாலுக்குப் போகிறது. அந்த நிலத்தில் விளையாமல் போன தானியத்துக்காக வேறு நாட்டில் காடு அழியும் என்று 2008இல் ஓர் ஆய்வு கிளப்பிய விவாதம் இன்றுவரை ஓயவில்லை. எவ்வளவு அழியும் என்பதில் ஆய்வுக்கு ஆய்வு பெரிய வித்தியாசம். பூஜ்யம் என்று மட்டும் வைக்க முடியாது என்பது என் கருத்து.

உமிழ்வுக்கு விலை வைப்பது எப்படி? நியூசிலாந்தின் உமிழ்வில் ஏறக்குறைய பாதி விவசாயத்திலிருந்து வருகிறது. 2003இல் கால்நடை மீத்தேன் மேல் ஒரு வரி போடப் பார்த்தார்கள். எம்பி ஒருவர் நாடாளுமன்றப் படிக்கட்டிலேயே டிராக்டரை ஏற்றினார், வரி போயிற்று. 2022இல் மறுபடி ஒரு திட்டம், மறுபடி எதிர்ப்பு, 2024இல் அதுவும் போயிற்று. நடுவில் காட்டுக்குக் கிடைத்த கார்பன் விலை ஆட்டுப் பண்ணைகளை வாங்கிப் பைன் மரம் நடுவதை லாபமாக்கியது. ஊர்கள் காலியாகின்றன என்று அங்கே குமுறல். டென்மார்க் வேறு வழி பிடித்தது. அரசு, விவசாயிகள் சங்கம், சூழல் அமைப்பு எல்லோரும் ஒரு மேசையில் உட்கார்ந்து 2024இல் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். 2030 முதல் கால்நடை உமிழ்வுக்கு டன்னுக்கு 300 குரோனர் வரி, 60 சதவீதக் கழிவு போகக் கையிலிருந்து போவது 120. 2035இல் 750, கழிவு போக 300. அதோடு 4,000 கோடி குரோனருக்கு மேல் நிதி வைத்து 1,40,000 ஹெக்டேர் தாழ்நிலத்தில் தண்ணீர் ஏற்றுவது, 2,50,000 ஹெக்டேரில் காடு வளர்ப்பது. வரியைவிட இந்த நில நிதிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஆனால் இது இன்னும் காகிதத்தில்தான் அதிகம். நடத்திக்காட்டிய பிறகுதான் மார்க் போட முடியும்.

காட்டைக் காப்பவருக்குப் பணம் கொடுப்பதற்கு எல்லோரும் கோஸ்டா ரிகாவைக் காட்டுவார்கள். எரிபொருள் வரியிலிருந்து பணம், இன்று நாட்டில் பாதிக்கு மேல் காடு. எல்லாம் சரி. ஆனால் 1996இன் அதே சட்டம் காட்டை வேறு பயன்பாட்டுக்கு மாற்றுவதையும் தடைசெய்தது என்பதை விட்டுவிடுகிறார்கள். ஆரம்ப வருடங்களில் பணத்தால் மட்டும் காப்பாற்றப்பட்ட காடு மிகக் கொஞ்சம் என்றே ஆய்வுகள் காட்டின. எப்படியும் வெட்டியிருக்கமாட்டாத இடத்துக்கே பணம் போனது. நைஜர் இதற்கு நேர் எதிர். அங்கே வயலில் நிற்கும் மரம் அரசுக்குச் சொந்தம் என்றிருந்த காலத்தில் விவசாயி துளிரைக் கண்டதும் பிடுங்கிப் போட்டார். 1980களின் நடுவிலிருந்து அந்தப் பிடி தளர்ந்து, மரம் தன்னுடையது என்ற தைரியம் வந்ததும், புதைந்து கிடந்த அடிக்கட்டைகளிலிருந்து கிளம்பும் துளிர்களை வெட்டாமல் வளர்த்தார்கள். ஐம்பது லட்சம் ஹெக்டேர் வயல்களில் மரம் திரும்ப வந்தது. நாற்றங்கால் போடவில்லை, நட்டுத் தண்ணீர் ஊற்றவில்லை.

மீத்தேனைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், அது உங்கள் கேள்வியின் ஓரத்தில்தான் இருக்கிறது. நெல்வயலில் காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் விட்டால் மீத்தேன் 30 முதல் 50 சதவீதம் வரை குறைகிறது. நைட்ரஸ் ஆக்சைடு கொஞ்சம் கூடும், இருந்தாலும் லாபம். கால்நடையைப் பொறுத்தவரை, 119 நாடுகளில் 38,700 பண்ணைகளின் தரவைத் தொகுத்த 2018ஆம் ஆண்டு ஆய்வு, இறைச்சி, பால், முட்டை, வளர்ப்பு மீன் ஆகியவை விவசாய நிலத்தில் 83 சதவீதத்தைப் பயன்படுத்தி உலகத்துக் கலோரியில் 18 சதவீதத்தைத் தருவதாகச் சொல்கிறது. அந்த மேய்ச்சல் நிலம் எல்லாம் பயிருக்கு உதவாது என்பது நியாயமான பதில். ஆனால் அதில் கணிசமான பகுதி ஒருகாலத்தில் காடாக இருந்தது, விட்டால் மறுபடி காடாகும். பழங்காலத்திலிருந்தே புல்வெளியாக இருக்கும் இடத்தில் கொண்டுபோய் மரம் நடுவது மட்டும் பிழை; அங்கே கார்பன் பெரும்பாலும் மண்ணுக்குள் இருக்கிறது, குழி தோண்டினால் அதுவும் போகும்.

இனி உங்கள் ஒப்பந்தம். பயிர் செய்யும் 35 ஹெக்டேரில் நீங்கள் எல்லாவற்றையும் சரியாகச் செய்து "ஆயிரத்துக்கு நான்கு" வேகத்தை எட்டினால் வருடத்துக்கு 20 டன் கார்பன் டை ஆக்சைடு சேரும். அந்த 5 ஹெக்டேர் மரக்காட்டில் ஹெக்டேருக்கு 50 டன் கார்பன் என்று குறைத்தே வைத்தாலும், அழித்தால் 900 டன்னுக்கு மேல் வெளியே போகும். மீதி நிலம் 45 வருடம் உழைத்து அதை அடைக்க வேண்டும். மண் அதற்கு முன்பே நிரம்பிவிடும். ஒப்பந்தம் அந்த 5 ஹெக்டேரைப் பற்றி ஏதாவது சொல்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் சொல்லாது, ஏனென்றால் நிற்கிற காட்டுக்குப் புதிதாகக் கார்பன் சேர்ந்ததாகக் கணக்கு எழுத முடியாது. அடுத்து, மண் மாதிரியை ஒரே ஆழத்தில் எடுக்கிறார்களா, ஒரே எடையில் எடுக்கிறார்களா என்று கேளுங்கள். எத்தனை வருடம் கட்டுப்பட வேண்டும், நடுவில் நிலத்தை விற்றாலோ ஒரு வறட்சி வந்து சேர்ந்த கார்பன் போனாலோ வாங்கிய பணத்தைத் திருப்பித் தர வேண்டியவர் யார் என்றும் கேளுங்கள். இவற்றுக்கு எழுத்தில் பதில் வராவிட்டால் கையெழுத்தை நிறுத்திவைத்துவிட்டு, மூடுபயிரை உங்கள் சொந்தச் செலவில் போட்டுக்கொள்ளுங்கள். மரக்காட்டில் கோடரியை வைக்க வேண்டாம்.